கடற்கரை ஊரில் பழைய கார்: எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே நின்றது என்று பாருங்கள்

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. ஒரே மாடல் பெட்ரோல் கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து வண்டி. 2018 மாடல், ஒரே ஓனர், அவர் வெளிநாட்டில் இருப்பதால் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விலை 3.90 லட்சம். இன்னொன்று மதுரை வண்டி. 2017 மாடல், இரண்டாவது ஓனர், 78,000 ஓடியது, 3.75 லட்சம். "கம்மியா ஓடின வண்டி, அதையே எடு" என்று அப்பா தங்கச்சிமடத்து வண்டியைச் சொல்கிறார். "அடியில கோட்டிங் அடிச்சுத் தர்றேன்" என்று புரோக்கரும் சொல்கிறாராம். தம்பியின் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம், ஷெட் கிடையாது. எதை எடுப்பது, எடுத்த பிறகு துருப்பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, இரண்டு வண்டியையும் ராம்ப்பில் ஏற்றிப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்து மட்டும் சொல்லச் சொன்னால், நான் மதுரை வண்டியின் பக்கம்தான் நிற்பேன். அப்பா சொல்வது மதுரையிலோ கோயம்புத்தூரிலோ சரியான கணக்கு. நம் கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது.

ஏழு வருஷத்தில் 31,000 என்றால் மாதத்துக்கு 400 கிலோமீட்டர்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் அந்த வண்டி தங்கச்சிமடத்தில் உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. ஓடுகிற வண்டியில் எஞ்சின் சூடும் எதிர்க்காற்றும் அடிப்பக்கத்து ஈரத்தைக் காய வைக்கும், பிரேக் டிஸ்க் தேய்ந்து பளபளவென்று இருக்கும், சைலன்சருக்குள் தேங்கும் தண்ணீர் ஆவியாக வெளியே போய்விடும். நின்ற வண்டியில் இது எதுவும் நடக்காது. மாதம் இரண்டு முறை கடைத்தெரு வரைக்கும் எடுத்துப் போய்வந்து நிறுத்தினால் இன்னும் மோசம். சைலன்சர் முழுசாகச் சூடாவதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிடும், உள்ளே ஊறிய தண்ணீர் அங்கேயே தங்கி உள்பக்கமிருந்து தின்ன ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம். ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் எஞ்சினுக்கு 78,000 கிலோமீட்டர் ஒரு பெரிய ஓட்டமே இல்லை. கிளட்ச் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட் எல்லாமே கடையில் கிடைக்கும் சாமான்கள், ஒரு நாள் வேலை. பாடி அழுகிவிட்டால் அதற்கு மாற்று கிடையாது. எந்தச் சாமான் மாற்றக் கூடியது, எது மாற்ற முடியாதது என்று பிரித்துப் பார்த்துத்தான் பழைய வண்டிக்கு விலை பேச வேண்டும்.

உப்பு என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் பராமரிப்பு எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் திரவமாகி, துரு பல மடங்கு வேகமெடுக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். நம் கரையில் காற்று அந்த அளவுக்குக் கீழே காய்வது மிக அபூர்வம். அதனால் தகட்டின் மேல் உப்பு படிந்திருக்கும் வரை, கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அது காயவில்லை. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. மூட்டையில் கட்டிய கல்லுப்பு தானாகக் கசிந்து தரையை நனைப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கத்திலிருந்து உப்பும் மணலும் சேர்ந்து வருகிறது. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வடகடல் பக்கத்திலிருந்து கொண்டுவருகிறது. மண்டபமும் இராமேஸ்வரம் தீவும் இரண்டு பக்கமும் அடி வாங்கும் இடங்கள். அதிலும் அலை உடையும் கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டர்தான் ரொம்ப மோசம். உள்ளே போகப் போக உப்பு வேகமாகக் குறைந்துவிடும்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் இதற்காகவே என்னவெல்லாம் செய்தார்கள் என்று கவனியுங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே உப்புக்காற்றைத் தாங்கும் பாலிசிலோக்சேன் பெயிண்ட், இரும்பு இணைப்புகள் முழுவதும் வெல்டிங். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடுக்கில்தான் உப்புத்தண்ணீர் புகுந்து தங்கும். வெல்டிங் வைத்து அந்த இடுக்கை மூடிவிடுகிறார்கள். உங்கள் காரில் அப்படிப்பட்ட இடுக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காரின் பாடித் தகடுகளைப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நடுவில் இடுக்கை அடைக்கும் சீலர் பசை தடவியிருப்பார்கள். சீலர் வெடித்த இடம்தான் துருவுக்கு வாசல். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது அகலமான தகடுகளைப் பார்த்து மயங்காமல் விளிம்புகளையும் மடிப்புகளையும் பாருங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் போங்கள். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், துணியில் சுற்றிய சின்னக் காந்தம், கீழே விரிக்க ஒரு பழைய சாக்கு. அருகில் வாட்டர் சர்வீஸ் ராம்ப் இருந்தால் ஓனரிடம் சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மாட்டேன் என்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கி வைக்கும் இடம். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், கதவுக்குக் கீழே, இரண்டு தகடுகளைச் சேர்த்து அழுத்திய விளிம்பு ஒன்று நீளவாக்கில் ஓடும். அதில் ஜாக்கி வைப்பதற்கென்று இரண்டு சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். அந்தக் குறிகளுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும். உள்ளே அழுகியிருந்தால் சத்தம் செத்துப்போய் "தொப்" என்று கேட்கும், கூடவே உள்ளுக்குள் எதுவோ சரசரவென்று உதிர்வதும் கேட்கும். உதிர்வது துருச் செதில். மேலே அடித்த கறுப்புக் கோட்டிங் கொப்புளமாக எழும்பியிருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். கொப்புளம் உடைந்து காவித் தண்ணீரோ தூளோ வந்தால் அடியில் தகடு பாதி போய்விட்டது. அப்புறம் ஓனர் சம்மதத்தோடு, வண்டியிலேயே இருக்கும் ஜாக்கியை அந்தக் குறியில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். வண்டி எழும்புவதற்குப் பதில் விளிம்பு நசுங்கி மடங்கினால் நிறுத்திவிடுங்கள். நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடலைப் பார்த்து நின்ற பக்கம் மட்டும் அழுகி, மறுபக்கம் புதிதாக இருக்கும் வண்டிகளும் உண்டு.

விளிம்பு மடங்கிய வண்டிக்கு "ஒரு வெல்டிங் வெச்சா முடிஞ்சுது" என்பார்கள். வேண்டாம். இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடுதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கட்டி வைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு லாரி இடித்தால் லாரிக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவில் தாங்கப்போவதும் அதுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் காற்றுக்கு எதிரே போகும் வண்டி இது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பிரேக் பைப். முன்னாலிருந்து பின்சக்கரம் வரை வண்டியின் அடியில் மெல்லிய இரும்புக் குழாய்கள் போகும். நேராக ஓடும் இடத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கிளிப்புக்குள் மணலும் உப்பும் சேர்ந்து குழாய் அங்கேதான் தடித்து, செதில் செதிலாக உரியும். அதிலிருக்கும் ஆயிலின் அழுத்தத்தைத் தாங்காமல் ஒரு நாள் பெடலை ஓங்கி மிதிக்கும்போதுதான் அது விடும். பைப்பை மாற்றலாம், அதற்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றாமல் ஊருக்கு ஓட்டி வராதீர்கள்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்கிறேன். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழிக்குள் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதி உட்காரும் வட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். நான்கு கதவுகளின் அடிமடிப்பையும் கையால் தடவிப் பாருங்கள், பெயிண்ட் பருப்பருவாக எழும்பியிருந்தால் உள்ளேயிருந்து துரு வருகிறது. சக்கரத்துக்கு மேலே வளைவின் உள்விளிம்பு. பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்து. பாடித் தகட்டில் காந்தம் சரியாக ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பம்பர் பிளாஸ்டிக், அதில் காந்தம் ஒட்டாது, பயப்பட வேண்டாம்.

ஏசியை மறக்காதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. கடற்காற்றை முதலில் வாங்குவது அதுதான். முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தால், இன்றைக்கு ஏசி குளிர்ந்தாலும் அடுத்த கோடைக்குக் கேஸ் நிற்காது. "கேஸ் மட்டும் நிரப்பினா போதும் சார்" என்ற பேச்சுக்கு மயங்கி, கண்டென்சர் செலவைத் தலையில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வயரிங்கில் உப்பு செய்யும் வேலை வேறு மாதிரி. லைட் ஒரு நாள் மங்கலாக எரியும், ஹாரன் ஒரு நாள் அடிக்காது, பவர் விண்டோ பாதியில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சாமான் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பாடியோடு சேரும் எர்த் வயரின் போல்ட்டில் பச்சைப் பூ பூத்திருக்கும், அதைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதிக் கோளாறு போய்விடும். ஆகவே வண்டி பார்க்கும்போது எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்கள், ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை என்பதற்காக மட்டும் வண்டியை ஒதுக்க வேண்டாம்.

வண்டி என்ன ஏற்றியது என்றும் விசாரியுங்கள். மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் சின்னக் கார்களிலும் வேன்களிலும் பின் சீட்டை மடக்கிவிட்டு ஐஸ் பெட்டியில் நண்டும் கணவாயும் ஏற்றிப் போவது சாதாரணம். ஐஸ் உருகிய தண்ணீர் மீனின் உப்போடு சேர்ந்து கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிவிடும். வாடை போவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, தரைத்தகட்டின் இடுக்கில் இறங்கிய உப்புக்கு ஒரு வழியும் இல்லை. பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், தூக்கவிடவில்லை என்றால் அதுவே பதில்.

நம்பர் பிளேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிஎன் 65 என்றால் இராமேஸ்வரமும் கீழக்கரையும் மட்டும் இல்லை, பரமக்குடியும் கமுதியும் முதுகுளத்தூரும் இருக்கின்றன. உள்நாட்டு ஊரில் நின்ற 65 வண்டி அருமையாக இருக்கும். மதுரை நம்பர் வண்டி ஒன்று இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசலில் வருஷக்கணக்கில் நின்றிருக்கவும் கூடும். ராத்திரியில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சர்வீஸ் புக்கில் எந்த ஊர் சர்வீஸ் சென்டரின் முத்திரை தொடர்ந்து இருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

மதுரை வண்டி விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறொன்று: அது வெள்ளத்தில் நின்ற வண்டியா? 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்கு வருவது வழக்கம். இரண்டாவது ஓனர் எப்போது வாங்கினார் என்ற தேதியை ஆர்சியில் பாருங்கள். 2024 தொடக்கத்தில் கைமாறியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அதுவே காட்டும். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட், ஹெட்லைட்டின் உள்பக்கம், பியூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஓரங்கள், இங்கெல்லாம் வண்டல் தங்கும். நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம் இருக்கும். சுழியமாக இருந்தால் சமீபத்தில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கலாம், காரணத்தைக் கேளுங்கள்.

இப்போது புரோக்கர் சொல்லும் கோட்டிங். துருவின் மேல் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான். உள்ளே உப்பும் ஈரமும் சிறைப்பட்டு, வெளியே தெரியாமல் தின்றுகொண்டே போகும். விற்பதற்கு முன்னால் புதிதாக அடித்த கோட்டிங் எதையோ மறைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "அடிக்க வேண்டாம், இப்படியே காட்டுங்கள், அந்தக் காசை விலையில் குறையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல அடிப்பாகம் உள்ள வண்டி கிடைத்த பிறகு நீங்களே செய்யும் கோட்டிங் நல்லது. அடியை நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, காற்று ஈரமில்லாத ஊரில் இரண்டு நாளாவது காயவிட வேண்டும். கமுதியில் உறவுக்காரர் வீடு இருந்தால் அங்கே நிறுத்துங்கள், மண்டபத்தில் அது காயாது. லேசான துரு இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் கோட்டிங். கதவுக்கு உள்ளேயும் அந்தப் பெட்டித் தகட்டுக்கு உள்ளேயும் நீளமான குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, வெளியே அடிப்பதைவிட இதற்குத்தான் பலன் அதிகம். வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இனி தினசரிப் பராமரிப்பு. இதில் முக்கியம் தண்ணீர். நம் கரையில் பெரும்பாலான போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் தினமும் வண்டி கழுவுகிறவர் வண்டிக்கு உப்புதான் ஏற்றுகிறார். காவிரிக் கூட்டுக் குடிநீரை வண்டிக்குக் கொட்டச் சொல்ல எனக்கும் மனசு வராது, நம் ஊரில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். அதனால் மண்ணையும் சேற்றையும் போர் தண்ணீரில் போக்கிவிட்டு, கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீரால் அலசி, துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. வாட்டர் சர்வீஸில் விடுவதானால் அங்கே என்ன தண்ணீர் என்று வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள்.

மேல்பாகம் பளபளக்கக் கழுவி அடியை விட்டுவிடுவதுதான் பரவலான பழக்கம். மழை பெய்தால் மேல்பாகத்து உப்பு தானாகப் போய்விடும். மழை படாத அடிப்பாகத்திலும் சக்கர வளைவுக்குள்ளும்தான் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை ஹோஸை அடியில் விட்டு அலசுங்கள். கண்டென்சர் மேல் மட்டும் அழுத்தமாக அடிக்காதீர்கள், தகடுகள் படுத்துவிடும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மாதம் ஒரு முறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், மணல் அடைத்திருக்கும். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் பத்து நிமிஷம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவைத்து நிறுத்த வேண்டும்.

சொந்தக்காரர் வந்தால் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போகத்தான் செய்வீர்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு யார் கேட்டாலும் அங்கேதான். சாலையோடு நிறுத்துங்கள். போட்டோவுக்காக மணலில் இறக்கி அலையில் சக்கரம் நனையவிடுவது வேண்டவே வேண்டாம், வீல் பேரிங்குக்குள்ளும் பிரேக் டிரம்முக்குள்ளும் கடல் தண்ணீர் போனால் வெளியே கழுவுவதால் போகாது. கடல் கொந்தளிக்கும் நாளில் சாலை மேலேயே அலை தெறிக்கும். அன்றைக்குப் போய்வந்தால் அன்று இரவே அடியை அலசிவிட வேண்டும், மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது.

நிறுத்தும் இடம். ஷெட் இல்லை என்கிறீர்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும், காற்றில் கவர் ஆடும்போது நடுவில் புகுந்த மணல் பெயிண்டை உரசும். பக்கம் திறந்த ஒரு பனையோலைக் கொட்டகை போதும், வெயிலிலிருந்து டேஷ்போர்டும் ரப்பரும் தப்பிக்கும். வெறும் மணலில் நிறுத்தினால் தரை ஈரம் மேலே ஏறும், சக்கரம் நிற்கும் அளவுக்காவது சிமெண்ட் தளமோ கற்பலகையோ போடுங்கள். வீட்டுச் சுவருக்கு நிலப்பக்கமாக, பின்பக்கம் கடலைப் பார்த்து நிற்கட்டும், கண்டென்சர் நேரடிக் காற்றிலிருந்து தப்பிக்கும். ஓலை இருக்கும் இடத்தில் எலியும் வரும், பானெட்டுக்குள் அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் ஊரில் இல்லை என்றால் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்து எடுக்கும்போது சக்கரம் சுற்றாது. முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள், டெர்மினலில் வாசலின் தடவுங்கள். பெட்ரோல் டேங்கை நிரப்பி வையுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் அதிகம். நீங்கள் பார்க்கும் இரண்டும் 2023-க்கு முந்தைய வண்டிகள், அந்தக் காலத்து மாடல்கள் பல இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் தங்கவிடாமல் ஓட்டித் தீர்ப்பது நல்லது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது எங்கும் உள்ள கணக்கு, நம் ஊரில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட் மட்டும்தான். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. தங்கச்சிமடத்து வண்டியில் அந்தப் பழைய டயர்களே இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கில் சேருங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் எண்ணிக்கை, பைனான்ஸ், நிலுவை அபராதம் பாருங்கள். பைனான்ஸ் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மதுரைப் பதிவு வண்டிக்குக் கூடுதலாக என்ன தாள் வேண்டும் என்று இராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. துருவால் வரும் நஷ்டத்துக்கு எந்தப் பாலிசியும் காசு தராது, தேய்மானக் கணக்கில் தள்ளிவிடுவார்கள்.

தங்கச்சிமடத்து வண்டியைப் பார்க்காமலே ஒதுக்கச் சொல்லவில்லை. மூடிய கார் ஷெட்டில் நின்று, வீட்டில் இருந்தவர்கள் வாரா வாரம் அடியை அலசி, நாற்பது கிலோமீட்டராவது ஓட்டி வைத்திருந்தால் அது நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஜாக்கி இடமும் பிரேக் பைப்பும் சுத்தமாக இருந்து, டயருக்கும் கண்டென்சருக்கும் ஆகும் தொகையைக் குறைத்துக்கொண்டால் எடுங்கள். மதுரை வண்டி வெள்ளச் சோதனையில் தேறினால் 3.60-இலிருந்து பேச ஆரம்பியுங்கள், 78,000 ஓடிய வண்டிக்குக் கிளட்ச்சும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் விரைவில் வரும் என்பது நியாயமான காரணம்தான். இரண்டும் தேறாவிட்டால் பரமக்குடிப் பக்கம் தேடுங்கள், அவசரமில்லை. ராம்ப்புக்குப் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போய், அந்த ஜாக்கி இடத்தை அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.